தலைப்பிரட்டைக்கு உப்புத் தண்ணீர்

நெட்டுக்குப்பத்து மோகனப்ரியாவுக்கு மீனைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. எடுக்க அவள் விட்டதும் இல்லை. சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளுக்குப் பின்னால் கூடை வைத்து மீன் விற்கிறவள். பேரம் பேச வந்தவர்கள் அரைக் கிலோ கூடுதலாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

நாலு வயது மகள் மதிக்காக ராயபுரம் நடைபாதைக் கடையில் ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தாள். எல்லாம் குளத்து உயிர்கள். சாயங்காலம் கூடையைக் கழுவிக் கவிழ்த்ததும் இருவரும் அதோடு உட்கார்ந்துவிடுவார்கள். மோகனப்ரியா அச்சில் இருப்பதை வாசித்துவிட்டுத் தன் சரக்கையும் சேர்ப்பாள். கெண்டைக்கு முள் ஜாஸ்தி, கெளுத்தி குழம்புக்கு ஆகும். தட்டான் வந்தால் மட்டும் சமையல் குறிப்பு வராமல் திணறுவாள். மதிக்குப் பிடித்தது தலைப்பிரட்டைப் பக்கம். வாலோடு நீந்துகிற கறுப்புப் பொட்டுக்குக் கால் முளைத்து, தவளையாகிக் குதிக்கும். நிஜமாகவே முளைக்குமா என்று தினமும் கேட்பாள்.

நேரிலேயே காட்டிவிடலாம் என்று மோகனப்ரியா முடிவு செய்தாள். மழை விட்ட ஒரு நாள், சாத்தாங்காட்டில் காலி மனையில் தேங்கிய குட்டையிலிருந்து தலைப்பிரட்டைகளைக் குண்டானில் அள்ளி வந்தாள். இங்கேதான் கோட்டை விட்டாள். குட்டைத் தண்ணீர் கலீஜாக இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும் என்று யோசித்து, இறாலுக்கு ஊற்றுவது போலக் கழிமுகத்திலிருந்து நல்ல உப்புத் தண்ணீராக மொண்டு வந்து மாற்றினாள். பக்கத்து வீட்டிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் தோன்றவில்லை. கடலோரத்துக்காரர்கள் நாங்கள். உப்பில்லாத தண்ணீரில் ஒன்று உயிர் வாழும் என்பதை எங்களால் பாதிதான் நம்ப முடியும்.

காலையில் எல்லாம் செத்து மிதந்தன. மதி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"காலு மொளைக்கும்னு பொய் சொல்லிக்கீது. நீயும் பொய்யி."

அன்று சாயங்காலம் மடியில் உட்காரவும் வரவில்லை. மோகனப்ரியாவைப் பொய் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் தெருவே அதிர்ந்திருக்கும். மகளிடம் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"பொஸ்தகம் சரியாத்தான் சொல்லிக்கீது கண்ணு. அம்மாதான் தப்பான தண்ணிய ஊத்திட்டேன். மறுபடியும் இட்டாரேன், பாரு."

மறுநாள் அதே குட்டைக்குப் போய் வேறு தலைப்பிரட்டைகளை அள்ளினாள். இந்தத் தடவை குட்டைத் தண்ணீரையே ஒரு கேன் நிறைய எடுத்து வந்தாள். செத்த மீனையே விற்றுத் தீர்க்கிறவள் உயிரோடு தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று இரும்புக் கடைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். எம் பொண்ணு பாக்கணும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். தினமும் வெந்த கீரை கொஞ்சம் போட்டாள். மழை பெய்தபோதெல்லாம் வாளியில் பிடித்து ஊற்றினாள். மதி கிட்டே வராமல், வாசற்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து ஒன்றுக்கு வால் பக்கத்தில் நூல் மாதிரி இரண்டு கால்கள் தெரிந்தன. மோகனப்ரியா மகளைக் கூப்பிடவில்லை. மீன் அரிகிற சாக்கில் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

மதி தானாகவே வந்து எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து புத்தகத்தை இழுத்து வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து தலைப்பிரட்டைகளுக்குக் காட்டினாள்.

"இன்னும் ரெண்டு காலு வரும். பயந்துக்காத, எங்கம்மாவுக்கு இப்ப எந்தத் தண்ணின்னு தெரிஞ்சிபோச்சி."