ஆட்டக் கூடாத தொட்டில்

போன கிழமை பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை ஹட்டனில் இருக்கும் என் கடைக்கு வந்திருந்தது. பாலர் பாடசாலை ஆசிரியை. வெளியே நல்ல மழை, இடுப்பில் கைக்குழந்தை. பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு உதவுவதற்கென்று எங்கள் குடும்பத்துக் காசில் ஓர் அறக்கட்டளை நடத்துகிறேன் அல்லவா, அதில் கேட்டு வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு மூன்று இரும்புக் கடை, இரண்டு லொறி. சும்மா சொல்லவில்லை, ஹட்டனில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"புள்ளைங்க இருக்கிற எடத்துல கூரை ஒழுகுதுங்கய்யா" என்று ஆரம்பித்தது. அதன் தோளில் குழந்தை கக்கிய பால், மேலே நனைந்த கம்பளிச் சட்டை. அந்த இரண்டு வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் மிச்சம் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

"தொட்டில் எத்தன தொங்குது?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டது. "இப்ப யாருங்கய்யா தொட்டில் கட்டுறா? பாய்தான்."

கொட்டகலைக்கு மேலே நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டம். எழுபதுகள். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். அதற்கு முன் தாய்மார் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போவார்கள். நீளமாக ஒரே அறை, குறுக்கே ஓர் உத்தரம். அவரவர் பிள்ளைக்கு அவரவர் பழைய சேலையில் தொட்டில். தாய் வாசம் இருந்தால்தான் பிள்ளை தூங்கும் என்பார் காம்பராவைப் பார்த்துக்கொண்ட ராக்கம்மா அக்கா. மஞ்சளும் ஊதாவும் சிவப்புமாக வரிசையாய்த் தொங்கும்போது திருவிழாத் துணிக்கடை தோற்றுவிடும். என் மகள் சரோஜாவுக்குப் பச்சைச் சேலை. என் பெண்சாதி லெட்சுமி கல்யாணத்துக்குக் கட்டிய நூல் சேலைதான் அது. வேறு வாங்கித் தர அன்றைக்கு எனக்கு வக்கில்லை. இன்றைக்கென்றால் கடையையே வாங்குவேன். அது கிடக்கட்டும்.

கூரைத் தகரம் சல்லடை. மழை வந்தால் அக்கா தொட்டில்களை இடம் மாற்றி மாற்றிக் கட்டுவார். தோட்டம் கைமாறியபோது பெயர்ப்பலகையை மாற்றினார்கள், தகரத்தை மாற்றவில்லை. சரோஜாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமல் விட்டபாடில்லை.

அப்போது நான் கொட்டகலைக் கடைவீதியில் ஓர் இரும்புக் கடையில் கூலிக்கு நின்றேன். ஆணி வாங்க வந்த உபதேசியார் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், வெளிநாட்டில் ஒரு குடும்பம் சொந்தச் சொத்திலிருந்து பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் உதவி செய்கிறதாம். விடுவேனா? முருகனைக் கும்பிடுகிறவன், அவர் வீட்டுக்கு நடையாய் நடந்து எழுத வைத்தேன். இங்கிலீஷ் அவருடையது, வாசகம் என்னுடையது. "உத்தரம் கொள்ளாம தொட்டில் தொங்குதுனு எழுதுங்க" என்றேன். எழுதிய அன்றைக்கு அது உண்மை.

பதில் வந்து, அந்தக் குடும்பத்து அம்மாவே பார்க்க வருவதாக ஏற்பாடாவதற்குள் காலம் ஓடிவிட்டது. அதற்குள், இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாய்ப் பாஸ்போர்ட் வந்தது. அவர்கள் போகிற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஏறுகிறவனும் அழுவான், ஏற்றிவிடுகிறவனும் அழுவான். போகிற தாய் தொட்டில் சேலையை அவிழ்த்து, அதிலேயே மூட்டை கட்டிக்கொண்டு போவாள். ராக்கம்மா அக்காவின் தங்கை மகன் முருகேசு, அக்கா மடியிலேயே வளர்ந்த பயல், அவனும் போனான். உத்தரம் பாதி காலி.

யோசனை என்னுடையது. இருக்கிற தாய்மாரிடம் ஆளுக்கொரு பழைய சேலை வாங்கி, அடியில் கம்பளியை மடித்து வைத்து, போன பிள்ளைகள் இடத்திலும் தொட்டில் கட்டச் சொன்னேன். "தூங்குதுனு சொல்லிட்டா வெள்ளக்காரங்க கிட்ட வரமாட்டாங்க" என்றேன்.

"மூணாங்கிளாஸ் மூள இப்பத்தான் முழிச்சிருக்கு" என்றாள் லெட்சுமி.

அக்காவுக்கு மட்டும் மனசில்லை. "வெறுந்தொட்டில் தொங்கலாமா தம்பி?"

"தொங்கலாங்க்கா. ஆட்டத்தான் கூடாது. ஆட்டுனாத்தானே புள்ளைக்கு ஆகாது."

அதன்பிறகு முருகேசுவின் இடத்தில் தன் சேலையை அவரே கட்டினார்.

அந்த அம்மா வந்தார். வயதானவர், மெதுவான பேச்சு. ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்தார், சரோஜாவின் இருமலைக் கேட்டு நின்றார். காரியம் பழுத்துவிட்டது என்று உபதேசியாருக்குக் கண்ணைக் காட்டினேன். போகிற போக்கில், பிள்ளைப் பாசத்தில்தான், பக்கத்துத் தொட்டிலை லேசாக ஆட்டினார். முருகேசுவின் தொட்டில்.

ராக்கம்மா அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டாதீங்கம்மா. வெறுந்தொட்டிலுங்கம்மா. அங்கன புள்ளைக்கு வயித்த வலிக்கும்."

அக்கா என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா உபதேசியாரிடம் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுசர், உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது சொன்னதை உபதேசியார் தலை குனிந்தபடி தமிழில் சொன்னார்: "போற புள்ளைங்களுக்குக் கூரை எதுக்குனு அவங்க குடும்பத்துல கேப்பாங்களாம்."

போகாத பிள்ளை ஒன்று பச்சைச் சேலைக்குள் இருமிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிசம் கண்ண மூடிக்கிட்டு நின்னிருக்கக் கூடாதா ராக்கம்மா?" என்று லயத்து வீடுகளில் பேசினார்கள். லெட்சுமிதான் வாயை அடைத்தாள். "நம்ம புள்ள போயிருந்து, அதோட தொட்டில ஆட்டியிருந்தாலும் அக்கா அதத்தான் செஞ்சிருக்கும்."

உதவி வரவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் சரோஜா போய்விட்டாள். இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியாது.

அக்காதான் பச்சைச் சேலையை அவிழ்த்து, மடித்து, லெட்சுமியிடம் கொண்டுவந்து கொடுத்தார். "சும்மா தொங்கக்கூட வேணாம் தாயி" என்றார். அடுத்த வருசம் அவரும் அந்தக் கோச்சியில் ஏறினார். மூட்டை கட்ட, பிள்ளை கிடந்த சேலை அவரிடம் ஒன்றும் இல்லை.

எண்பதுகளில் எனக்கென்று கடை வந்தது. முதல் இலாபத்தில் என் காசில், என் தகரத்தில், என் ஆணியில் பிள்ளைக் காம்பராவுக்குக் கூரை போட்டேன். எந்த நாட்டுக் குடும்பமும் தரவில்லை, நான் தந்தேன். அதற்குள் எங்கள் லயங்களில் பிள்ளைச் சத்தம் ஓய்ந்திருந்தது. காம்பராவில் உரம் அடுக்கினார்கள். அருமையான தகரம். ஒரு மூட்டைகூட நனையவில்லை.

கடையில் உட்கார்ந்திருந்த அந்த ஆசிரியைப் பிள்ளை அறக்கட்டளைப் பலகையைப் பார்த்துக் கேட்டது. "சரோஜாங்கிறது யாருங்கய்யா?"

"என் மக."

"வெளிநாட்டுலங்களா?"

"தகரம் நாளைக்கே வரும், நீ போம்மா" என்றேன்.

மறுநாள் லொறியில் நானும் ஏறினேன். வழியில் கொட்டகலையில் நிறுத்தச் சொல்லி, மேலே ஏறிப் போனேன். இப்போது காம்பராவில் உரமும் இல்லை. உத்தரத்தில் தொட்டில் கயிறு தேய்த்த தடங்கள் வரிசையாக இருக்கின்றன. பச்சைச் சேலை தொங்கிய தடத்துக்குக் கீழே நின்று கையை நீட்டினேன். ஆட்ட ஒன்றும் இல்லை.