பயனர் மூன்றின் கல்

அந்தப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் கொஞ்சம் கோபமாகப் பேசப்போகிறேன். கோபப்படுகிறவள் தன் பங்கை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது.

பொறியியல் பீடத்தில் எனக்கு அது மூன்றாம் வருடம். மனிதரை மையமாக வைத்து ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும் என்பது பாடம். வகுப்புச் சுவரில் ஐந்து வட்டங்கள் போட்ட ஒரு படம் ஒட்டியிருந்தார்கள்: மனிதரைப் புரிந்துகொள், பிரச்சினையை வரையறு, யோசி, மாதிரி செய், சோதித்துப் பார். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதலாவது வட்டத்துக்கு எங்கள் கால அட்டவணையில் கிடைத்தது ஒரேயொரு செவ்வாய்க்கிழமைப் பின்னேரம். மற்ற நான்கும் மிச்சத் தவணை முழுவதையும் எடுத்துக்கொண்டன.

எங்கள் குழுவில் மூன்று பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பன் மோட்டர் என்றால் சாப்பாட்டை மறப்பவன். திகனயிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தோழியின் தகப்பனுக்கு அங்கே சைக்கிள் திருத்தும் கடை. நான் கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். குப்பை லொறி ஏற முடியாத மலை ரோடுகளுக்கு ஒரு துப்புரவுக் கம்பனி தள்ளுவண்டி அனுப்பும். அந்த வண்டியைத் திருத்தியமைப்பது என்று முடிவு செய்தோம்.

வண்டி தள்ளும் ஐந்து பெண்களிடம் பேசினோம். மூன்றாவதாக வந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தாளில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பயனர் 3'. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அவர்களுடைய தமிழும் என்னுடைய தமிழும் ஒன்று என்பதால் கேட்பதும் எழுதுவதும் என் வேலை. ஏழாவது கேள்வி, இறக்கத்தில் வண்டியைக் கையாள்வதில் சிரமம் உண்டா என்பது.

"பழகிப்போச்சு தங்கச்சி," என்றார் அக்கா.

நான் 'இல்லை' என்று எழுதிவிட்டு எட்டாவது கேள்விக்குப் போனேன். எனக்கு நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வண்டியின் பின்பக்கத்தில், டயர்த் துண்டு சுற்றிய ஒரு கருங்கல் கயிற்றில் தொங்கியது. நிறுத்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஐந்து கிலோ. அறிக்கையில் அதைத் 'தேவையற்ற சுமை' என்று குறித்தோம். கல்லை எடுத்துவிட்டாலே வண்டி இலேசாகிவிடும் என்று மூன்று பேரும் கைதட்டிச் சிரித்தோம். அதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

எங்கள் புதிய வண்டிக்கு மோட்டர் இருந்தது. ஏற்றத்தில் தள்ளத் தேவையில்லை, கூடவே நடந்தால் போதும். எங்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கொழும்பில் நடக்கும் போட்டிக்கு இதை அனுப்பலாம் என்றார். நாங்கள் கால் தரையில் படாமல் திரிந்தோம்.

சோதனை நாளன்று அக்காவே வண்டியை எடுத்தார். மோட்டர் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. அக்கா மரியாதைக்குச் சிரித்தார். உச்சிக்குப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது: ஏறும்போது வண்டி வெறுமை. மேல் வீடுகளிலிருந்து குப்பையைச் சேர்த்துக்கொண்டு இறங்கும்போதுதான் அது நிறைகிறது. வெறும் வண்டியை மேலே தூக்குவதற்காக நாங்கள் ஒரு மோட்டரையே பூட்டியிருந்தோம்.

இறங்கும் வழியில் மூன்றாவது வீட்டு வாசலில் அக்கா நின்றார். திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைப் பின்னால் நீட்டினார். அந்தக் கை கல்லைத் தேடியது. அங்கே கல் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டுத்தான் அவர் வண்டியை நிறுத்துவார். எங்கள் வழவழப்பான புதுச் சக்கரங்கள் உருளத் தொடங்கின. அக்கா முன்னால் பாய்ந்து, முதுகைக் கொடுத்துக் குதிகாலை ஊன்றினார். செருப்பு அறுந்தது. நானும் நண்பனும் ஓடிப்போய் இழுத்துப் பிடித்தோம். வண்டி மதிலில் உரசி நின்றது. அக்காவின் முழங்கால் தோல் உரிந்து இரத்தம் வந்தது.

நண்பன் குனிந்து, "ஐயோ அக்கா, சரியா நொந்து போச்சோ?" என்று கேட்டான்.

"பரவாயில்ல தம்பி. பழகிப்போச்சு."

அந்தச் சொல்லை நான் முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன் என்று சொன்னால் அது பொய். எங்கள் வீட்டில் அம்மா முழங்கால் வலிக்கு அதைத்தான் சொல்வார். அப்பா முதலாளியின் ஏச்சுக்கு அதைத்தான் சொல்வார். நல்ல சாப்பாட்டைப் பற்றியோ நல்ல தூக்கத்தைப் பற்றியோ யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள், கேட்க ஆளில்லாதவர்கள் சொல்லும் சொல் அது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் 'இல்லை' என்று எழுதினேன்.

மறுநாள் விரிவுரையாளரிடம் போனோம். வடிவமைப்பு முடிவாகிவிட்டது, இனி மாற்றினால் புள்ளி குறையும், போட்டியும் கைவிட்டுப் போகும் என்றார். மோட்டர் இருக்கட்டும், பிரேக்கை 'எதிர்கால மேம்பாடு' என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள் என்றார். பிறகு படிவத்தைப் புரட்டி ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"இறக்கத்தில் பிரச்சினை இல்லை என்று பயனரே சொல்லியிருக்கிறாரே?"

"அவர் சொல்லவில்லை, சேர். நான் சொன்னேன்," என்றேன். விரிவுரையாளரின் மேசையிலிருந்த பேனையை எடுத்து, 'இல்லை' என்பதை வெட்டி, 'பழகிப்போச்சு' என்று தமிழ் எழுத்திலேயே எழுதினேன். படிவம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். அந்தச் சொல்லுக்குச் சரியான ஆங்கிலம் கிடைத்தால் மாற்றுகிறேன் என்றேன். படிவத்தை அப்படியே அங்கே விட்டு வந்தேன்.

வெளியே வந்ததும், மோட்டரைக் கழற்றிப் பிரேக் பூட்டுவோம் என்று நண்பனிடம் சொன்னேன். இரண்டு மாத உழைப்பு அவனுக்கு. கடைசியில், "சரி, கழட்டுவம். ஆனா மோட்டரை நான்தான் கழட்டுவன், நீங்கள் ஒருத்தரும் தொடக்கூடாது," என்றான்.

"எங்கட வாப்பாட கடேல பழைய சைக்கிள் பிரேக் நெறைய கெடக்கு," என்றாள் தோழி.

இந்தத் தடவை முதல் வட்டத்துக்கு நாங்கள் அட்டவணை பார்க்கவில்லை. ஒரு வாரம் விடியற்காலையில் அக்காவின் பின்னால் நடந்தோம். இரண்டு நாள் நானே வண்டியைப் பிடித்து இறங்கினேன். மூன்றாம் நாள் என்னால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கைபிடிக்குக் கீழே ஒரு கம்பி வைத்தோம். அதைச் சேர்த்துப் பிடித்தால் வண்டி ஓடும், கையை விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். விலை போகாத பழைய சாமான்களும் ஒரு ஸ்பிரிங்கும்தான்.

மதிப்பீட்டு நாளன்று மண்டபத்துக்குள் காட்ட மாட்டோம் என்றேன். தட்டையான தரையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். முகத்தைச் சுளித்துக்கொண்டு நடுவர்கள் மூவரும் பீடத்துக்குப் பின்னாலிருந்த சரிவுக்கு வந்தார்கள். அக்கா அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். மூட்டைகளுடன் இறங்கினார், நடுச்சரிவில் கையை விட்டார். வண்டி நின்றது.

இதில் புதுமை எங்கே, இது சைக்கிள் பிரேக்தானே என்றார் தலைமை நடுவர். அவருக்குத் தமிழ் தெரியாது; பயனருக்குத் திருப்திதானா என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

"பரவாயில்ல," என்றார் அக்கா.

திருப்தி என்று மொழிபெயர்த்திருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். நான் மொழிபெயர்க்கவில்லை. "அக்கா, பரவாயில்ல வேணாம். என்ன குறைன்னு சொல்லுங்க," என்றேன்.

அக்கா கம்பியைத் தொட்டுக் காட்டினார். "கம்பி எட்டல தங்கச்சி. வெரல் நோவுது." அப்படியே நடுவருக்குச் சொன்னேன். போதும் என்று விரிவுரையாளர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நண்பன் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, அங்கேயே குந்தி, கம்பியை மேலே ஏற்றத் தொடங்கினான்.

அப்போதுதான் தலைமை நடுவர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். டயர் சுற்றிய கல் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அக்காவே கட்டியது. பிரேக் இருக்கும்போது கல் எதற்கு என்று கேட்டார்.

"இவங்க நல்ல புள்ளைங்க சேர். ஆனா படிச்சு முடிச்சிட்டுப் போயிருவாங்க. பிரேக்கு ஒடைஞ்சா நா யார்கிட்ட போய்ச் சொல்றது? கல்லு ஒடையாது."

தோழி தலையைக் குனிந்துகொண்டாள். இதைக் குறைத்துச் சொல் என்று விரிவுரையாளரின் கை காற்றில் சைகை செய்தது. ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். நடுவர் பேனையை மூடப் போனார்.

"அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சேர்," என்றேன். "எழுதி முடிக்கும்வரை நிற்கிறோம்."