தீஸிஸ் கிரெடிட்டும் ஒரு ‘சரிங்க’வும்

அறுபதுகளின் நடுவில் கோயமுத்தூரில் விவசாய மேற்படிப்பில் நான் சேர்ந்தபோது, பாடமெல்லாம் இத்தனை கிரெடிட் என்ற கணக்காகிவிட்டிருந்தது. வருஷத்துக்கு மூன்று டெர்ம். ஆராய்ச்சி செய்து எழுதும் தீஸிஸுக்கும் கிரெடிட் உண்டு. அதை எந்த டெர்மில் எடுப்பது என்பது மாணவன் பாடு; ஆனால் பதிந்த அளவு வேலையை அந்த டெர்முக்குள் முடித்தாக வேண்டும்.

என்னுடைய ஆராய்ச்சி பருத்தியில். ஆவணியில் விதைத்தால் மாசியில்தான் பஞ்சு எடுக்க முடியும். பாதி கிரெடிட்டை விதைக்கும் டெர்மிலும் மீதியைப் பஞ்சு எடுக்கும் டெர்மிலும் பதிவதென்று முடிவுசெய்து, தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

பதிவு பார்த்த பேராசிரியர் மெட்ராஸ்காரர், ஆய்வகத்தை விட்டு வெயிலுக்கு வராதவர்.

“இந்த டெர்ம்ல உனக்குப் பாடம் கம்மிப்பா. தீஸிஸ் கிரெடிட்டை மொத்தமா இதிலேயே போட்டுடலாம்.”

“சரிங்க,” என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பேசும்போது அப்படித்தான் சொல்வோம். ‘காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்’ என்று அர்த்தம். அவர் முடித்ததும் என் தாளை எடுக்கலாமென்று காத்திருந்தேன். அவரோ எழுதியே முடித்துவிட்டார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதினார் என்று படித்துப் பார்க்காத மடையன் நான்.

கார்த்திகையில் டெர்ம் முடிந்தது. அறிவிப்புப் பலகையில் என் பெயருக்கு நேரே, தீஸிஸ்: தேறவில்லை. செடி இன்னும் பூவில் நிற்கும்போது நான் எப்படித் தேறுவேன்? அவரிடம் ஓடினேன்.

“நீதானேப்பா சரின்னு சொன்னே?” அவரும் திகைத்துப்போனார். “தீஸிஸ் பதிஞ்ச டெர்ம் முடிஞ்சா வயல் அடுத்தவனுக்குப் போயிடும். நீ இனி அடுத்த வருஷம்தான் விதைக்கணும். உன் பாத்தியை இன்னிக்கே காலி பண்ணச் சொல்லியாச்சே!”

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். மூன்று மாதமாக என்னோடு களையெடுத்த கல்லூரிப் பண்ணை வேலையாள் வரப்பில் நின்றிருந்தார்.

“ஏனுங்க தம்பி, பூவும் பிஞ்சுமா நிக்குதுங்க. இதையப் போயி புடுங்கச் சொல்றாங்க. உங்களைக் கேக்காம கை வைக்கப்படாதுன்னு நிக்கறேனுங்க. புடுங்கிப்போடட்டுங்களா?”

வேண்டாமென்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதிர்ச்சியில் குரலே எழும்பவில்லை. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் சம்மதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, குனிந்து முதல் செடியைப் பிடுங்கினார்.