தர்ஷினியின் கையைப் பிடித்திருந்தவர்

என் ஜெபத்தில் பாதிக்கு ஆண்டவர் "இல்லை" என்று பதில் சொன்னார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் இப்படித் தொடங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதியை மறைத்தால் நான் சொல்வது பொய்ச்சாட்சி.

என் பெயர் மெர்சி. வவுனியாவில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். முப்பத்தெட்டு வயது, தனியாள். மலைநாட்டில் மண்சரிந்து பல குடும்பங்கள் புதைந்துபோன அந்த மழைக்குப் பிறகு, எங்கள் சபையிலிருந்து நான்கு பேர் ஊழியத்துக்கென்று ஒரு மாதம் புறப்பட்டோம். கம்பளையிலிருந்து மேலே ஏறினால் தேயிலைக்கு நடுவே ஒரு பெண்பிள்ளைகள் இல்லம். இருபத்தொரு பிள்ளைகள். அவர்களுக்கு லில்லி அக்கா என்ற ஒரே ஒரு பொறுப்பாளர். நாங்கள் பாடம் சொல்லிக்கொடுப்பது, பாட்டுப் படிப்பிப்பது, ஜெபம் நடத்துவது என்று ஏற்பாடு. எங்களுக்குத் தலைவர் ஞானராஜ் அண்ணன். அவரோடு புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு சோடி, பிறகு நான்.

அந்தப் பிள்ளைகளில் இருவர் அக்கா தங்கை. தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது, நிரோஷாவுக்கு ஏழு. மண் சரிந்த நேரம் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் குடியிருந்த லயமே இல்லை. அப்பா, அம்மா, தொட்டில் தம்பி, மூன்று பேரும் மண்ணுக்குள். தம்பியை மட்டும் எடுக்கவே முடியவில்லை.

தர்ஷினி தங்கையின் தலையைத் தானே வாருவாள். சோற்றுத் தட்டில் இருக்கும் முட்டையில் பாதியைப் பேசாமல் அவள் தட்டுக்குத் தள்ளுவாள். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள்.

நாங்கள் போன முதல் ஞாயிறு, உயிரோடு காத்ததற்காக ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார் ஞானராஜ் அண்ணன். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள். தர்ஷினி எழுந்தாள். "தம்பிப் பாப்பாவ ஏன் காப்பாத்தல?" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவளுக்குள் கசப்பு இருக்கிறது, அதை விடாவிட்டால் ஆசீர்வாதம் நிற்காது என்று அவர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். தங்கையையும் இழுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம், புதன்கிழமை, நிரோஷாவுக்குக் காய்ச்சல். மறுநாள் தர்ஷினிக்கு. இரத்தம் பார்க்கக் கொண்டுபோவோம் என்று லில்லி அக்கா சொன்னார். ஞானராஜ் அண்ணன் உபவாச ஜெபம் அறிவித்தார். அவர் பொல்லாத மனிதர் இல்லை. ஒருமுறை அவருடைய மனைவியை டாக்குத்தர்மார் கைவிட்டபோது, அவர் மூன்று நாள் சாப்பிடாமல் முழங்காலில் நின்றார். மனைவி எழும்பினார். அன்றிலிருந்து எல்லாக் கதவையும் அந்த ஒரே சாவியால் திறக்கலாம் என்று நம்பினார். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அவருக்கு அவிசுவாசம்.

எனக்குத் தெரியும். என் பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அன்றைக்கே தாய்க்கு போன் எடுக்கிறவள் நான். டெங்குவில் ஒரு நாள் பிந்தினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வாயைத் திறந்திருக்கலாம். விசுவாசமில்லாதவள் என்று சபையில் பேர் எடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் மூடிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளின் உயிரைவிட என் பேர் எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தேன். ஸ்தோத்திரம் சொன்னேன். வெள்ளிக்கிழமையும் போனது.

சனி காலை நிரோஷாவின் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. லில்லி அக்கா யாரையும் கேட்கவில்லை. ஓட்டோவைக் கூப்பிட்டார். அந்தச் சோடிக்கு அன்றைக்கு லீவு முடிந்து ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தது. நானும் லில்லி அக்காவும் ஆளுக்கொரு பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு இறங்கினோம்.

கம்பளை ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஏசவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏசியிருக்கலாம்.

இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாததால் மாலையில் லில்லி அக்கா மேலே போனார். ஞாயிறு காலை தர்ஷினிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. எனக்குச் சந்தோசம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று நேர்ஸ் மிஸ் சொன்னதை என் காது எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் நிரோஷா மோசமாகிவிட்டாள். வயிறு வீங்கி, கை கால் குளிர்ந்து, கேட்டதற்குப் பதில் இல்லை. உடனே கண்டிக்கு அனுப்ப வேண்டும், கூடப் போக ஒரு பெண் வேண்டும் என்றார்கள்.

நான் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றேன். லில்லி அக்காவுக்கு போன் எடுத்தேன். "நீ போ, நான் இப்ப இறங்குறேன்" என்றார். அதற்குள் தர்ஷினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க தங்கச்சிகூட போங்க டீச்சர். அவ தனியா இருந்தா பயப்புடுவா. நான் பெரிய புள்ள தானே."

அவள் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பை நம்பி அம்புலன்ஸில் ஏறினேன்.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் நிரோஷாவை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே ஒரு கதிரையில். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பத்து மணிபோல லில்லி அக்கா போன் எடுத்தார். பாதையில் மண் இறங்கிவிட்டது, பஸ்ஸும் இல்லை, ஓட்டோவும் இல்லை, நடந்தும் இறங்க விடுகிறார்கள் இல்லை என்றார். ஞானராஜ் அண்ணனும் மேலேதான் மாட்டிக்கொண்டிருந்தார். நான் கம்பளை வாட்டுக்கு போன் அடித்தேன். பிள்ளைக்கு இரத்த அமுக்கம் இறங்குகிறது, யாராவது வந்தால் நல்லது என்றார்கள்.

கண்டியிலிருந்து கம்பளை எவ்வளவு தூரம்? பஸ் பிடித்தால் ஒரு மணித்தியாலம். நான் எழும்பினேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு டாக்குத்தர் வந்து, நிரோஷாவின் ஆள் எங்கேயும் போக வேண்டாம், கையெழுத்துத் தேவைப்படும் என்றார். உட்கார்ந்தேன். மறுபடி எழும்பினேன். இப்படி எத்தனை தடவை என்று தெரியாது.

இரண்டையும் தாரும் ஆண்டவரே என்று கேட்டேன். என் வாழ்நாளில் அப்படிக் கேட்டதில்லை. என் பாவத்துக்கு என்னை எடும், பிள்ளைகளை விடும் என்றேன். மத்தியானம் கடந்து கம்பளை நேர்ஸ் மிஸ் போன் எடுத்தார். தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் வரும். "பிள்ளைக்கு நல்லா இல்லை" என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கியது.

அப்போது என் ஜெபம் சுருங்கிவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஆண்டவரே, அவள் தனியா இருக்கக் கூடாது. யாரையாவது அனுப்பும்."

நாலு மணிக்கு முன்னால் தர்ஷினி போய்விட்டாள்.

நிரோஷா பிழைத்தாள். இரண்டு நாளில் கண் திறந்தாள், ஐந்தாம் நாள் கஞ்சி குடித்தாள். அதற்குள் நாங்கள் அவளுடைய அக்காவைக் கம்பளையில் புதைத்துவிட்டோம். கல்லறையில் வைத்து ஞானராஜ் அண்ணன் என்னிடம் சொன்னது இதுதான்: "அந்தப் பிள்ளை கடைசிவரைக்கும் கசப்பை விடேல்ல, மெர்சி. ஊரில சாட்சி சொல்லேக்க சின்னவளை மட்டும் சொல்லும். சனத்தின்ர விசுவாசம் குழம்பக்கூடாது." அவருக்குச் சொல்ல வேண்டியது எனக்கும் சொல்ல வேண்டியதுதானே. இரண்டு நாள் நானும் அவரோடு சேர்ந்துதான் பிள்ளைகளைக் கிடத்தி வைத்திருந்தேன்.

நிரோஷாவுக்கு விசயத்தைச் சொன்னது நான்தான். அவள் அழவில்லை. சேலைன் ஏற்றிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க ஏன் எங்கூட வந்தீங்க? அக்காகூட இருந்திருக்கணும்."

ஏழு வயது. அவளுக்கு அது கேள்வி, எனக்கு அது தீர்ப்பு.

அதற்குப் பிறகு நான் ஜெபிக்கவில்லை. வாய் அசைந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. வேதப் புத்தகத்தைத் துணிப் பையின் அடியில் வைத்தேன். வவுனியாவுக்குப் போய், படிப்பித்து, சம்பளம் எடுத்து, ஞாயிறுகளில் தூங்கி எழும்பலாம் என்று தீர்மானித்தேன். ஒரு பிள்ளை சாகும்போது பக்கத்தில் ஒரு ஆளை வைக்கக்கூட மனமில்லாத ஆண்டவரிடம் எனக்கு இனி என்ன பேச்சு?

நான் புறப்படவிருந்த நாளுக்கு முதல்நாள், இல்லத்துக்கு ஒரு பெண் வந்தார். தலையில் முக்காடு, கையில் ஒரு சின்ன மகன். கம்பளை டவுணில் அவர்களுக்குச் சாமான் கடை. பெயர் ஷிபானா என்றார். நேர்ஸ் மிஸ்ஸிடம் விசாரித்து, வழி கேட்டுக் கேட்டு ஏறி வந்திருந்தார். அவருடைய மகனும் அதே வாட்டில் டெங்குவோடு கிடந்தவன். தர்ஷினியின் அடுத்த கட்டில்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீங்க அம்புலன்ஸுக்குப் போற வரைக்கும் அந்தப் புள்ள சிரிச்சிட்டு ஈந்திச்சி. நீங்க போன கையோட அழுதிச்சி. ஒங்களுக்குத் தெரியக்கூடாதுண்டு ஈந்திச்சி போல. எனக்கு மனசு கேக்கல்ல. மகன்ட கட்டில தள்ளிப் போட்டு ரெண்டுக்கும் நடுவுல ஈந்துட்டேன். காலையில ஈந்து கடைசி வரைக்கும் கைய விடல்ல."

அவர் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார்.

"கடைசில அதுக்குக் கண்ணு தெரியல்ல. அம்மாவாண்டு கேட்டிச்சி. நான் ஓ மகள், அம்மாதான், தூங்குங்கண்டு சொன்னேன். அது பொய் தானே டீச்சர். ராவெல்லாம் அதே யோசனை. அது பாவமா?"

அதைக் கேட்கத்தான் அந்தத் தாய் மழையில் மலை ஏறி வந்திருக்கிறார். நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "இல்லை அக்கா. அது பாவமில்லை" என்றேன். அவர் அழுதார். அவர் மகன் பயந்துபோய் அவர் சட்டையைப் பிடித்தான்.

சகோதரங்களே, கணக்குப் பாருங்கள். நான் சுவரைப் பார்த்துக் கேட்டது மத்தியானத்துக்குப் பிறகு. ஷிபானா அவள் கையைப் பிடித்தது காலையில். நான் அம்புலன்ஸின் கதவைச் சாத்தும்போதே என் ஜெபத்துக்குப் பதில் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது. அதுவும் நான் எதிர்பார்த்திருக்கக்கூடிய இடத்திலிருந்து இல்லை. முழங்காலில் நின்ற எங்களில் ஒருவருக்கும் கிடைக்காத அந்த வேலையை, தன் நோயாளி மகனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் தாய் செய்து முடித்தார்.

அன்றைக்குத்தான் நான் மறுபடி ஜெபித்தேன். முதலில் மன்னிப்பு. பிறகு நன்றி. நன்றி சொல்லும்போதே வலித்தது. இப்போதும் வலிக்கிறது. அது போக வேண்டும் என்று நான் கேட்பதில்லை.

வவுனியாவுக்குப் போனேன், ஆனால் வேலையை விட்டுவரத்தான் போனேன். இந்தச் சாட்சியை எங்கள் சபையில் இரண்டு பாதியோடும் சொன்னேன். சிலர் எழுந்து வெளியே போனார்கள். ஞானராஜ் அண்ணன் கடைசிவரை இருந்து கேட்டார். அவருக்காக ஜெபிக்கிறேன். சில நாள் முடிவதில்லை.

இப்போது நான் லில்லி அக்காவோடு இல்லத்தில் இருக்கிறேன். யாருமில்லாத ஒரு பிள்ளை வாட்டில் கிடந்தால் கம்பளை நேர்ஸ் மிஸ்மார் எனக்கு போன் எடுப்பார்கள். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் இருப்பேன். எந்தப் பிள்ளை, எந்த மதம் என்று கேட்பதில்லை. நிரோஷா எங்களோடுதான். ஜெப நேரத்தில் கண்ணை மூட மாட்டாள். நான் மூடச் சொல்வதும் இல்லை. என்னை அவள் இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் போன மாதம் தலையை வாரிவிடச் சொல்லி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

இதை வாசிக்கிற உங்களில் யாருடைய வீட்டிலாவது ஒரு பிள்ளைக்கு உடம்பு சுடுகிறதென்றால், இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு முதலில் டாக்குத்தரிடம் கொண்டுபோங்கள். ஜெபத்தை வழியில் செய்யலாம். ஆண்டவர் அதையும் கேட்பார். உங்களால் போய்ச் சேர முடியாத கட்டிலுக்கு யாரையாவது அனுப்பும் என்று கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். அனுப்புகிறார். நான் கண்டேன்.