அரளி வேலிக்கு அடியில் வந்தது

ஆர்டன் ட்வீட்டன் வடக்கு டகோட்டாவில் பால் லாரி ஓட்டியவர். பண்ணை பண்ணையாகப் போய்க் குழாயை மாட்டி, பாலை லாரிக்கு ஏற்றி, வால்வை மூடிவிட்டு அடுத்த பண்ணைக்குப் போவதுதான் ஓய்வு பெறும்வரை அவருடைய பிழைப்பு. அவரும் மனைவி மார்லிஸும் குளிர்காலத்துக்கு டெக்சாஸின் தென்கோடிக்கு, சக்கர வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் டிரெய்லர் பார்க்குக்கு வர ஆரம்பித்தபோது, எங்களை எல்லாம் முகம் சுளிக்க வைக்கும் கழிவுத் தொட்டி வேலை அவருக்கு மட்டும் விளையாட்டாக இருந்தது.

டிரெய்லருக்கு அடியில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் கக்கூஸ் கழிவு, மற்றதில் குளித்த தண்ணீர். நிறைந்ததும் தடிக் குழாயை மாட்டி, மறுமுனையைத் தரையில் இருக்கும் சாக்கடைத் துளையில் செருகி, முதலில் கக்கூஸ் தொட்டியின் பிடியை இழுக்க வேண்டும். அது காலியான பிறகு மற்றதைத் திறந்தால் குளியல் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். இதை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்ளாதவர்கள் எங்கள் வரிசையில் ஆர்டனைத் தவிர யாரும் இல்லை. யாருடைய குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். சரளைக் கல்லில் மண்டியிட்டு, ரப்பர் வளையத்தை உட்காரவைத்துக்கொண்டே, “பாலோ பீயோ, குழாய்க்கு எல்லாம் ஒண்ணுதான்” என்று சிரிப்பார். என் கணவர் இறந்த பிறகு என் தொட்டியையும் அவர்தான் காலி செய்து கொடுத்தார்.

அந்தப் பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை என் பிறந்தநாள். என் இடத்துக்கும் ட்வீட்டன்களின் இடத்துக்கும் நடுவே அரளி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் மேசை போட்டு, வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சாப்பிட உட்கார்ந்தோம். மார்லிஸ் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பெரிய தட்டை வைத்துவிட்டு, ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தை எடுத்துவரத் திரும்பிப் போயிருந்தாள். ஆர்டன், “தொட்டியைக் காலி பண்ணிட்டு வந்துடறேன், நீங்க ஆரம்பிங்க” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தார்.

முதலில் வாடைதான் வந்தது. ஒக்லஹோமாக்காரர் பியூஃபோர்ட் கெஸிங்கர் மூக்கை உறிஞ்சி, “வில்டா, கேக்கைத்தானே சுட்ட? எதையும் கொன்னு புதைக்கலையே?” என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அரளி வேலிக்கு அடியிலிருந்து பழுப்பாக, காகிதத் துணுக்குகளை மிதக்கவிட்டுக்கொண்டு, சிமென்டுத் தரையில் மேசையை நோக்கி அது வந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் விழுந்தன. யாரோ தட்டோடு சோளரொட்டியைத் தவறவிட்டார்கள்.

வேலியைச் சுற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஓட்டம் நின்றிருந்தது. மார்லிஸ் கணுக்கால்வரை நனைந்து, வால்வுப் பிடியை இரண்டு கையாலும் உள்ளே அழுத்திக்கொண்டு குனிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆர்டன். அவர் கையில் கழற்றிக் கழுவிய குழாய், எதிலும் மாட்டாமல் தொங்கியது.

“நான்தான், எல்லாரும் மன்னிச்சுக்கங்க” என்றாள் மார்லிஸ். “ஆர்டன் குழாயைக் கழுவிட்டு இருந்தாரு. உதவி பண்றேன்னு நான் போய்ப் பிடியை இழுத்துத் தொலைச்சுட்டேன்.”

ஆர்டன் ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பார்க் மேலாளர் சுண்ணாம்பைக் கொண்டுவந்து கொட்டினார். நாங்கள் பொழுது சாயும்வரை தரையைத் தேய்த்துக் கழுவினோம். மேசையில் இருந்தது எல்லாம் குப்பைக்குப் போனது. மார்லிஸ் ஒவ்வொருவரிடமாகப் போய் மன்னிப்புக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் பார்க் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அந்த வெள்ளி அவள் உள்ளே நுழைந்ததும் பியூஃபோர்ட், “மார்லிஸ் வர்றா, எல்லாரும் காலைத் தூக்கிக்கங்கப்பா!” என்றார். பாதிப் பேர் உண்மையிலேயே காலைத் தூக்கினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அவள் கொண்டுவந்த தட்டை யாரும் தொடவில்லை. மூடிய தாளைப் பிரிக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஆர்டன் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டிலிருந்த இறைச்சித் துண்டைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றையும் வாயில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாருடைய குழாயையும் தொடவில்லை. யார் கூப்பிட்டாலும், “முதுகு சரியில்ல” என்று கதவைச் சாத்திக்கொண்டார். மனைவிமேல் கோபம் என்றுதான் நான் நினைத்தேன். துணி துவைக்கும் அறையில் மார்லிஸைப் பார்த்தபோது பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“ஒரு தடவை கை தவறினதுக்கு இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கணுமா உன் புருஷன்?”

“அவருக்கு என்மேல கோவம் இல்ல வில்டா” என்றாள். மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் ஆர்டன் என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“உங்க சாப்பாட்டு மேசைக்கு அதை விட்டவன் நான்தான். மார்லிஸ் இல்ல.”

“போனா போகட்டும், யாருக்கும் நடக்கிறதுதானே” என்றேன்.

“நடக்கிறது இல்ல. கேளுங்க. குழாய் என் கையிலதான் இருந்துச்சு. அது வண்டியில மாட்டியிருக்குன்னு நினைச்சுப் பிடியை இழுத்தேன். அது கொட்டுது. பிடியைத் தள்ளணுமா, திருப்பணுமா, ஒண்ணும் தெரியல. வாழ்நாள் பூரா செஞ்ச வேலை வில்டா. கையே என்னுது இல்லாத மாதிரி நின்னேன்.” தொப்பியின் விளிம்பைத் திருப்பினார். “சரி, மறந்துச்சு. கிழவன், மறக்கட்டும். ஆனா மார்லிஸ் பழியைத் தன்மேல போட்டுக்கிட்டப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அவ தட்டை யாரும் தொடலைங்கிறதை உக்காந்து பாத்துட்டே இருந்தேன். அதைத்தான் என்னால தாங்க முடியல.”

அடுத்த வெள்ளிக்கிழமை கூடத்தில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்த பிறகு ஆர்டன் எழுந்து நின்றார். ஏதோ நகைச்சுவை வரப்போகிறது என்று நினைத்து பியூஃபோர்ட் மேசையைத் தட்டினார்.

“அன்னைக்கு அந்த... அந்த...” என்று ஆரம்பித்தார் ஆர்டன். வால்வு என்ற சொல் வரவில்லை. கையால் காற்றில் எதையோ இழுத்துக் காட்டினார். இரண்டொருவர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். மார்லிஸ் அவர் சட்டைக் கையைப் பிடித்து, “உக்காரு ஆர்டன், வேணாம்” என்று கெஞ்சினாள்.

“நான்” என்றார் அவர். “இழுத்தது நான். அவ இல்ல. எனக்கு இப்போ சிலது மறந்துபோகுது.”

உட்கார்ந்தார். பியூஃபோர்ட்டின் கழுத்து சிவந்துபோயிருந்தது. தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் ட்வீட்டன்களின் வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தேன். “ஏய்யா ஆர்டன், என் குழாய் சரியா மாட்ட மாட்டேங்குது. வந்து பாரேன்.”

ஆர்டன் கதவைத் திறந்து பிடித்தார். “உன் குழாய் நல்லாத்தான் இருக்கு. உனக்குப் பொய் சொல்லவே வரல பியூஃபோர்ட்.”

“சரி, வரல” என்றார் பியூஃபோர்ட். “மார்லிஸ் இருக்காளா? அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்.” உள்ளே போய் என்ன பேசினாரோ, வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு தொட்டி வேலை மார்லிஸுடையது ஆனது. அவள் மாட்டுவாள், ஆர்டன் பக்கத்தில் நின்று குழாயைத் தாங்கிப் பிடிப்பார். எதை முதலில் இழுப்பது என்று சில நாள் சரியாகச் சொல்வார். சில நாள் தப்பாகச் சொல்வார். அவள் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுச் சரியானதைச் செய்வாள்.

ஏப்ரலில் அவர்கள் வடக்கே கிளம்பத் தயாரானபோது நான் சாமான் கட்ட உதவினேன். அப்போது அவளிடம் சொன்னேன், “அவருக்காகப் பழியை நீ தாங்கிக்கிட்டியே, எனக்கு அந்த மனசு வந்திருக்காது.”

மார்லிஸ் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். “அப்படி நினைக்காத. அவருக்காகச் சொல்லல நான். ட்வீட்டனுக்குப் புத்தி போயிடுச்சுன்னு நாலு பேர் பேசுறதைக் கேக்க எனக்கு வெட்கமா இருந்துச்சு. அசடுன்னு பேர் வாங்கறது அதைவிடச் சுலபம்னு தோணுச்சு. என் புருஷனை நினைச்சு நான் வெட்கப்பட்டேன் வில்டா. அவருக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னாரு.”

டிரெய்லரை இழுக்கும் வண்டியை அவள்தான் ஓட்டினாள். ஆர்டன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கையசைத்தார். என் பெயர் அன்றைக்கு அவருக்கு நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியாது. நன்றாகத்தான் சிரித்தார்.