தனி ஆளுக்கு அறை இல்லை

லாட்ஜ் மேனேஜர் என்பவன் ஊருக்கு வருகிறவர்களின் கொட்டாவியை முதலில் பார்க்கிறவன். எண்பதுகளில் விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே இருந்த ஒரு லாட்ஜில் சில வருஷம் அந்தக் கொட்டாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தவனுக்கு அப்போது கிடைத்த வேலை அதுதான். சாவிப் பலகைக்குக் கீழே நவீன கவிதைப் புத்தகங்களை அடுக்கிவைத்து, ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் படிப்பேன். ஏதாவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தம் தேடியவராக நீங்களும் இருந்தால் நாம் ஒரே ஜாதகக்காரர்கள்.

முதலாளியின் சட்டம்

எங்கள் முதலாளிக்கு மல்லாட்டை மண்டிதான் தொழில்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. லாட்ஜ் பக்கவாட்டில் வந்தது. எங்கோ ஒரு ஊரில் தனியாக வந்து தங்கிய ஒருவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு உயிரை விட்டார் என்றும், லாட்ஜ்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே செருப்பைத் தேய்த்தார் என்றும் அவர் கேள்விப்பட்டிருந்தார். அன்றிலிருந்து ஒரே சட்டம்: தனியாக வருகிறவருக்கு அறை கிடையாது.

ஒருமுறை உரக் கம்பெனி விற்பனையாளர் ஒருவரை இப்படித் திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு துணையோடு வந்து நின்றார். இருவரையும் இரட்டைக் கட்டில் அறையில் போட்டேன். தனிமை என்றால் பக்கத்தில் ஆள் இல்லாதது. அந்நியமாதல் என்றால் ஆள் இருந்தும் ஒட்டாதது. இரண்டையும் குழப்புகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. முதலாளி முதலாவதைத் தடைசெய்து இரண்டாவதை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். காலையில் துணைவரின் பெயரைக் கேட்டபோது விற்பனையாளர் சொன்னார்:

“எனக்குத் தெரியாது சார். ஸ்டேஷன்ல ஒரு டீ வாங்கிக் குடுத்தேன், வந்துட்டாரு.”

பேராசிரியரின் தலைப்பு

திண்டிவனத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அவர் கல்லூரியில் ‘நவீன கவிதையில் அந்நியமாதலும் தனிமையும்’ என்று ஒருநாள் கருத்தரங்கு. அன்று முகூர்த்த நாளாகவும் இருந்ததால் திண்டிவனத்து லாட்ஜுகளில் கல்யாண வீட்டார் பாய் விரித்திருந்தார்கள். ஆகவே விழுப்புரத்தில் மூன்று தனி அறைகள் வேண்டும். இரண்டு கவிஞர்கள், சுகந்தி என்று ஒரு விரிவுரையாளர்.

சுகந்திக்கு இன்னொரு ஊரில் தற்காலிக வேலை. வருஷக் கடைசியில் அனுப்பிவிடுவார்கள். திண்டிவனத்தில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. கல்லூரிச் செயலாளரே முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கப்போகிறார். நன்றாக வாசித்தால் அந்த இடம் அவளுக்கு. “கட்டுரை இன்னும் முடியலையாம். அந்தப் பொண்ணுக்கு மட்டும் அமைதியான ரூமா பாத்துக் குடுங்க” என்றார் பேராசிரியர். நான் முதலாளியின் சட்டத்தைச் சொன்னேன். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தனிமையப் பத்திப் பேச வர்றவங்க தனியாத்தான் சார் வருவாங்க. பொண்டாட்டி புள்ளையோடவா வருவாங்க?”

ஒரே அறையில் இருவர்

கவிஞர்களை ஒரே அறையில் போட்டால் சட்டமும் பிழைக்கும் என்று போட்டேன். இருவரும் ஒரு சிறுபத்திரிகைச் சண்டைக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன், நவீன கவிதையை அவ்வளவு வாசித்தவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

சாயங்காலம் மூத்த கவிஞர் வேகமாக இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. வேறு அறை வேண்டும் என்றார். காரணம் கேட்டேன்.

“தமிழ்லயே தனிமையா இருக்கிறவன் நான் ஒருத்தன்தான்னு சொல்றான் சார். என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே சொல்றான்!”

துணை

சுகந்தி வந்து இறங்கிய நேரத்தில் முதலாளியே கவுன்ட்டரில் இருந்தார். தோளில் ஒரு பை, கையில் அட்டையில் செருகிய காகிதங்கள். முதலாளி அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. “கூட ஆளு இல்லியாம்மா? அப்ப ரூம் இல்லியே” என்றார். பேராசிரியர் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். அவர் மசியவில்லை. அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து எழுதத் தொடங்கிவிட்டாள். பக்கத்தில் ஒரு குடும்பம் பழனி ரயிலுக்காகப் புளிச்சோறு பிரித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் லாட்ஜைப் பெருக்கும் அஞ்சலையை அவளுக்குத் துணையாகப் படுக்கச் சொல்லலாமே என்றேன். முதலாளி முகம் மலர்ந்தார். “துணை வேண்டாங்க, கதவைச் சாத்திக்கிட்டு எழுதணும்” என்று சுகந்தி கெஞ்சினாள். “அது பாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்கும்மா” என்று முதலாளி சமாதானம் சொன்னார். அஞ்சலை எதிலும் அரைகுறையாக நிற்கிறவள் இல்லை. துணை என்று அனுப்பினால், துணையாக இருந்தே தீர்வாள். காலையில் சுகந்தி சிவந்த கண்களோடு, முடிவுரை எழுதாத கட்டுரையோடு இறங்கி வந்தாள். அஞ்சலை என் காதோடு சொன்னாள்:

“அந்தப் பொண்ணுக்கு வாயே இல்ல சார். ராவெல்லாம் நானேதான் பேசிக்கினு இருந்தேன். பாவம், மனுசங்களோட பேசிப் பழக்கமில்ல போலக்குது.”

முன் வரிசை

தனியாக பஸ் ஏற்றக் கூடாது என்று முதலாளி என்னையும் அஞ்சலையையும் திண்டிவனம்வரை அனுப்பினார். முண்டியம்பாக்கம் தாண்டும்வரை சுகந்தி எழுதப் பார்த்தாள்; அதற்கப்புறம் அஞ்சலை அவள் மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டாள்.

கவிஞர்கள் முதலில் பேசினார்கள். செயலாளர் அரிசி மில் வைத்திருந்தவர். தலை மெல்ல மெல்ல மார்பில் இறங்கியது. பிறகு சுகந்தி. நன்றாகத்தான் வாசித்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள். அதற்கு மேல் காகிதம் இல்லை. அவள் விரல் மேஜை விளிம்பைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். “முடிவுரை?” என்றார் பேராசிரியர். அவள் முடிவுரை எழுத ஒரு அறை கேட்ட கதையை, நடந்தது நடந்தபடியே சொல்லிவிட்டாள். தனிமையைப் பற்றி எழுத, தான் தனியாக இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது என்றாள். அரங்கம் சிரித்தது. கவிஞர்கள் இருவரும் ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். செயலாளர் எழுந்து நின்றார்.

“நான் முழுசா முழிச்சிக்கினு கேட்ட மொத கட்டுரை இது. மத்தவங்களும் முடிவுரை இல்லாமயே எழுதலாமே?”

பதினோராம் நம்பர்

வேலை கிடைத்தது. சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சுகந்தி லாட்ஜுக்கு வந்தாள். திண்டிவனத்தில் தனிப் பெண்ணுக்கு யாரும் வீடு தரவில்லையாம். இன்னொரு டீச்சர் வீட்டில் அவர்கள் குடும்பத்தோடு இருக்கிறாளாம். அதற்கு முன்னால் ஹாஸ்டல். அதற்கும் முன்னால் அக்கா தங்கைகள் நிறைந்த வீடு. “ஒரு அறையில நான் மட்டும் இருந்ததே இல்ல சார். தெரியாமயே அதைப் பத்திப் பேசி வேலை வாங்கிட்டேன். பகல் மட்டும் ஒரு ரூம் தருவீங்களா? அந்த முடிவுரையை எழுதணும்” என்றாள்.

முதலாளி மண்டியில் இருந்தார். மல்லாட்டை வரத்து அதிகம், இருட்டும்வரை வர மாட்டார். வந்தால் என் வேலை போகும். பதினோராம் நம்பர் சாவியைக் கொடுத்தேன். அஞ்சலையை மொட்டைமாடி கழுவ அனுப்பினேன். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. முதலாளியின் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வராந்தாவில் இரண்டு மூன்று தரம் நடந்தேன், தட்டவில்லை. வெயில் இறங்கியபின் அவள் வந்து சாவியை வைத்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். முடிவுரை எழுதியாயிற்றா என்று கேட்டேன்.

“இல்ல சார், சும்மா படுத்திருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. இதுக்குப் போயா இத்தனை பேர் இப்படி அழுது எழுதியிருக்காங்க?”

எங்கள் பக்கத்தில் தனிமை என்பது முதலாளி மண்டியில் இருக்கும் நாளில், தெரிந்த ஆள் சிபாரிசின் பேரில், பகல் நேரத்துக்கு மட்டும் கிடைக்கும் என்பதே நவீன கவிதைக்கு நான் சேர்க்க விரும்பும் ஒரே அடிக்குறிப்பு.