கடைசி சீட்டுல உக்காரு

பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் புவனேந்திரன் கொண்டக்டர். அந்த ரோட்டில் அடிக்கடி போய்வருகிறவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் வாந்தி டொக்டர். ஏறும்போதே ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க முன்னுக்கு வாங்க, ஜன்னல் பக்கமா உக்காருங்க" என்பான். இவன் யார் எனக்குச் சொல்ல என்று பின்னால் போய் உட்கார்ந்தவர்கள் பசறை வருவதற்குள் தலையை வெளியே நீட்டியிருப்பார்கள். இப்படி ஒரு வித்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பெருமைப்படலாமா என்று கேட்டால், படலாம். அவனிடம் பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

பசறைக்கு மேலே உள்ள தோட்டத்தில் பிறந்தவன். தேயிலை மலையில் கால் வைக்கமாட்டேன் என்று மீசை முளைக்கும் முன்பே பஸ்ஸில் தொற்றினான், இன்னும் இறங்கவில்லை. ஆனால் குடியிருப்பு அதே தோட்டத்து லயத்து வீட்டில்தான். ஏனென்றால் மனைவி விஜயலெட்சுமி கொழுந்து பறிக்கிறாள், அவள் பெயரில்தான் அந்த வீடு. இவன் ஓயாமல் பேசுவான், அவள் வாயைத் திறப்பது அபூர்வம். பஸ் முழுக்கச் சிரிக்கவைக்கிறவன் வீட்டில் ஒருத்தியைச் சிரிக்கவைக்க முடியாமல் பாதி ஆயுளைக் கழித்துவிட்டான்.

ஒரே மகள் நிரஞ்சலா. கூத்து என்னவென்றால், அந்த ரோட்டிலேயே மோசமாக வாந்தி எடுப்பவள் அவள்தான். பள்ளிக்கூடச் சுற்றுலா, கோயில் திருவிழா, எங்கே போனாலும் தகப்பன் முகர்ந்து பார்க்கத் தேசிக்காயும், மெல்லக் காய்ந்த இஞ்சியும், வாந்தி எடுக்க ஒரு சொப்பின் பேக்கும் கொடுத்துத்தான் அனுப்புவான். "அடக்கிக்கிறணும் மகள். கண்ண மூடாத, தூரத்துல பாரு" என்று பாடம் நடத்துவான்.

டீசலுக்கு வரிசையில் நின்று பஸ்கள் துருப்பிடித்த அந்தக் கெட்ட வருசத்துக்குப் பிறகு வீடு நிமிரவேயில்லை. வீட்டு வேலைக்கு நான் வெளிநாடு போகிறேன் என்றாள் நிரஞ்சலா. பக்கத்துத் தோட்டத்து அழகர் ஆள் அனுப்புகிறவன். டுபாய்க்கு விசிட் விசாவில் போனால் போதும், அங்கே வைத்து வேலை விசாவாக மாற்றித் தருவார்கள் என்றான். நம்பினார்கள். போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஓர் அறையில் வேறு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். வேலைக்கு வீடு பார்க்கிறோம், பார்க்கிறோம் என்று அங்குள்ளவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு மாலை போன் வந்தது.

"அப்பா, நாளன்னைக்கு வெள்ளன ஓமானுக்குப் போறோமாம். விசா மாத்தவாம். வேன்லயாம்ப்பா."

"வேன்லயா? இன்னொரு நாட்டுக்கு ரோட்டாலயே போயிரலாமா?"

"ஆமாப்பா, போடர் ஒன்னு இருக்காம். பெட்டி சாமானெல்லாம் எடுத்துக்கச் சொன்னாங்க. எனக்கு வாந்தி வருமோன்னுதான் பயமா இருக்கு."

புவனேந்திரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மகள் போன நாளிலிருந்து தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றை அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. அரை மணி நேரம் பாடம் நடந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்கு. வெறும் வயிறும் கூடாது, முட்டத் தின்னவும் கூடாது. தேசிக்காய் கிடைக்காவிட்டால் தோடம்பழத் தோல். கடல் நடுவில் இருக்கும் நாட்டில் பிறந்தவனுக்கு ஒரு எல்லையை வேனில் தாண்டுவது பெரிய அதிசயமாக இருந்தது. அந்த அதிசயத்தை மறுநாள் காலை பதுளை பஸ் நிலையத்தில் எல்லோரிடமும் சொன்னான். எதிரே பேக் கடை வைத்திருக்கும் ஜாபிர் நானாவிடமும் சொன்னான். ஜாபிர் நானா பல வருசம் ஷார்ஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரராக இருந்தவர்.

அவர் சிரிக்கவில்லை. தொங்கவிட்டுக்கொண்டிருந்த பேக்கைக் கீழே வைத்தார்.

"தம்பி, விசா மாத்தப் போறவ பெட்டி சாமான் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா போவா?"

"அப்பிடித்தான் சொன்னாங்களாம் நானா."

"அவ திரும்பி வரப்போறதில்ல. அங்கால வேற ஏஜன்சிக்கு ஆள் மாத்துறானுகள். எங்கட கடைக்கு அப்பிடித் தப்பி வந்த புள்ளயள் அழுதத நான் பாத்திருக்கேன். பாஸ்போட் அவன்ட கையில, போன் அவன்ட கையில. எந்த வீட்டுல விட்டாங்கன்னு ஒனக்கும் தெரியாது, எம்பசிக்கும் தெரியாது. விக்கிறதுதான் தம்பி, வேற பேர் இல்ல அதுக்கு."

முந்தின நாள் மாலை அரை மணி நேரம் மகளை அந்த வேனுக்குத் தயார்ப்படுத்தியவன் புவனேந்திரன்தானே.

அழகரின் போன் வேலை செய்யவில்லை. டுபாயில் பெருநாள் விடுமுறை, தூதரகம் பூட்டியிருந்தது. ஜாபிர் நானா தெரிந்த பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டார். முகவரி சொல்லுங்கள், பொலிஸை அனுப்பலாம் என்றார்கள். முகவரி யாருக்குத் தெரியும்? நிரஞ்சலாவுக்கே தெரியாது. லிப்ட் இருக்கிற கட்டடம், வெளியே பூட்டிய கதவு, திறக்காத ஜன்னல். அவ்வளவுதான் அவள் டுபாய்.

"நடு ரோட்டுல எங்கயாவது எறங்கிட்டான்னா போதும். ஆக்கள் இருக்கிற எடமாப் பாத்து சத்தம் போடணும். போடர தாண்ட விட்டுராத" என்றார் ஜாபிர் நானா.

எப்படி இறக்குவது? அங்கேதான் புவனேந்திரனின் மூளைக்கு அவன் தொழில் உதவிக்கு வந்தது. உலகத்தில் எப்படிப்பட்ட அயோக்கியனாக இருந்தாலும் சரி, டிரைவராக இருந்தால் ஒரு விஷயத்துக்குப் பயப்படுவான். தன் சீட்டை யாராவது நாறடித்துவிடுவார்கள் என்றால் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அன்று மாலை லயத்து வாசலில் நின்று மகளுக்குப் போன் எடுத்தான். விஷயத்தைச் சொன்னான்.

"நேத்து சொன்னதெல்லாம் மறந்துரு. முன்னுக்கு உக்காராத. கடைசி சீட்டுல போய் உக்காரு, டயருக்கு மேல. தேசிக்கா வேணாம். காலயில என்ன குடுத்தாலும் வயிறு முட்டத் தின்னு. ஜன்னலத் தொறக்காத, குனிஞ்சு காலையே பாத்துக்கிட்டு வா. முதல் வளைவுலயே வந்துரும். அடக்காத மகள். வந்ததும் கத்து. பெட்ரோல் ஷெட்டுல நிப்பாட்டுவான், எறங்குனதும் பொம்பளங்க இருக்கிற பக்கமா ஓடு. மா அபி அரூஹ்னு சொல்லு. நான் போகமாட்டேன்னு அர்த்தம், ஜாபிர் நானா சொல்லிக் குடுத்தாரு."

"மா அபி அரூஹ்" என்றாள் நிரஞ்சலா. பிறகு, "அப்பா, வாந்தி வந்துருமா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு வராம வேற யாருக்கு வரும்?" என்றான். சிரிக்கவைக்கத்தான் சொன்னான்.

விஜயலெட்சுமி போனை வாங்கினாள். "நல்லாச் சாப்புடு புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

விடிந்ததிலிருந்து மகளின் போன் அணைந்திருந்தது. வேனில் ஏற்றும்போது போன்களை வாங்கிவிடுவார்கள் என்று ஜாபிர் நானா சொன்னது சரியாகப் போயிற்று. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று புவனேந்திரன் வேலைக்குப் போனான். டிரைவர் ரஜீவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான். பாக்கிக் காசை மாற்றி மாற்றிக் கொடுத்தான், ஏறியவர்களிடமே மறுபடி டிக்கட் கேட்டான். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. பசறைக்கு முன்பே மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள், வாந்தி டொக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. இந்நேரம் வேன் வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும், இந்நேரம் அவளுக்கு நெஞ்சைக் கரித்திருக்கும், இந்நேரம் நிறுத்தியிருப்பான் என்று அவன் மனது கடைசி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

பசறை தாண்டி மொனராகலைப் பக்கம் பள்ளம் இறங்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தான், கட் ஆனது. மறுபடி வந்தது, ஒரு வளைவு திரும்பியதும் மறுபடி கட்.

"ரஜீவ், நிப்பாட்டு. இங்கயே நிப்பாட்டு."

பஸ் வளைவிலேயே நின்றது. பின்னாலிருந்து என்னப்பா என்று குரல்கள். புவனேந்திரன் குதித்து இறங்கி ரோட்டோரத் தடுப்புச் சுவரில் ஏறி நின்றான். அங்கே சிக்னல் இருந்தது.

"அப்பா, நான்தான்." குசுகுசுவென்று வந்தது குரல்.

"எறங்கிட்டியா மகள்? எங்க நிக்கிற?"

"போடர்ல, டொய்லட்டுக்குள்ள. எங்கூட வந்த மொனராகலச் சிங்களப் புள்ள ஒரு போன ஒளிச்சு வச்சிருந்துச்சு."

"வண்டிய நிப்பாட்டலியா?"

"வாந்தி வரலப்பா." அழுதுவிட்டாள். "நீங்க சொன்ன மாதிரியே கடைசி சீட்டுலதான் உக்காந்தேன். நெறயத் தின்னேன். வளைவே இல்லப்பா. ரோட்டு ஒரே நேராப் போகுது, போய்க்கிட்டே இருக்கு. பெறகு வெரல விட்டு எடுத்தேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு சொப்பின் பேக்க எடுத்துப் பின்னுக்கு எறிஞ்சான்."

புவனேந்திரனுக்கு எதிரே அவனுடைய ரோடு வளைந்து வளைந்து கீழே போய்க்கொண்டிருந்தது. பூமியில் நேரான ரோடு ஒன்று இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த ரோட்டை நம்பி மகளை அனுப்பியிருக்கிறான். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"முத்திர குத்திட்டானுங்களா?"

"இல்ல, லைன்ல நிக்கிறோம். பாஸ்போட் அவன்கிட்ட இருக்கு. கதவத் தட்டுறாங்கப்பா. நான் என்ன செய்ய?"

யோசிக்கும் முன்பே அவன் வாய் பேசியது.

"உக்காந்துரு."

"என்னப்பா?"

"தரையில உக்காந்துரு. முத்திர குத்துற ஆளுக்கு முன்னுக்கே. ஒங்கம்மா மடுவத்துல உக்காந்தா பாரு, அப்புடி. யாரு இழுத்தாலும் எழும்பாத. அந்த அரபுச் சொல்ல மட்டும் சொல்லிக்கிட்டே இரு."

போன வருசம் தோட்டத்தில் நிர்வாகம் கொழுந்து நிறுவையில் எடையைக் குறைத்தபோது, பறிக்கிற பெண்கள் அத்தனை பேரும் நிறுக்கிற மடுவக் கொட்டகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கத்தவில்லை, கோஷம் போடவில்லை. தோட்டத்துத் துரை வந்தார், பொலிஸ் வந்தது, மழையும் வந்தது. முதல் வரிசையில் விஜயலெட்சுமி வாய் திறக்காமல் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தவள் நிரஞ்சலா. கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தால் ஒரு பெண்ணின் உடம்பு எவ்வளவு பாரமாகும் என்று அன்றைக்குக் கிட்ட நின்று பார்த்தவள்.

"அப்பா, எனக்கு..." என்றாள். லைன் செத்தது.

புவனேந்திரன் ஏறி வந்ததும் ரஜீவ் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மணி அடிக்கக் காத்திருக்காமலே வண்டியை எடுத்தான்.

அன்று முழுக்க அந்த நம்பர் எடுபடவில்லை. உட்கார்ந்தாளா, பயந்து எழுந்துவிட்டாளா, இரண்டு பேர் தூக்கி வேனுக்குள் போட்டுவிட்டார்களா? மொனராகலை போய்த் திரும்பி வந்தது அவனுக்கு ஞாபகமில்லை. சாயந்தரம் பதுளையில் இறங்கியபோது மறுபடி வெளிநாட்டு நம்பர் ஒன்று அடித்தது. எடுத்தால் ஒரு பெண் அரபியில் பேசினாள். புவனேந்திரன் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, வாகனங்களைப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து ஜாபிர் நானாவின் கடைக்குள் ஓடினான்.

ஜாபிர் நானா பேசினார், கேட்டார், மறுபடி பேசினார். புவனேந்திரன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனையோ ஆயிரம் முகங்களைப் பார்த்துச் சொன்னவனுக்கு அந்த முகம் என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

"குந்திட்டாளாம். வேன்காரன் கையப் புடிச்சு இழுத்தானாம், எழும்பலியாம். அந்த மொனராகலப் புள்ளயும் பக்கத்துல குந்திட்டாளாம். இப்ப பொலிஸ்ல வச்சிருக்காங்க. விசாரணை இருக்கு, கோட்டுக்குப் போகணும். வீட்டுக்கு வர மாசக் கணக்காகலாம் தம்பி."

"எந்தப் பக்கத்துப் பொலிஸ், நானா?"

"இந்தப் பக்கம். டுபாய்ப் பக்கம்தான். தாண்டல."

புவனேந்திரன் கடையிலிருந்த பேக்குகளைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஜாபிர் நானா கடைக்கு வந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது விஜயலெட்சுமி வாசலில் நின்றிருந்தாள். காலையில் மலைக்குப் போனபோது கட்டிய சாக்குப் படங்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை.

"பொலிஸ் புடிச்சிருச்சு லெட்சுமி. மறியலுக்குள்ள போட்டுட்டாங்க."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுத சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பாக்கியலெட்சுமி ஓடிவந்தாள். ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என்னடி, புள்ளைக்கு என்ன?" என்று தானும் அழத் தொடங்கினாள்.

விஜயலெட்சுமி முகத்திலிருந்து கையை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எம்மக மறியல்ல இருக்காக்கா" என்றாள். "சாமி புண்ணியத்துல, மறியல்ல இருக்கா."